ஒரு கட்டை எங்கே போகிறது

மார்ச் 3, திங்கள்
பெரியப்பா பாட்டு கேட்க 18 லட்சத்தில் ஸ்பீக்கர் வைக்கப் போகிறோம். அவர் வீட்டுக் கூடத்தை அளந்தாயிற்று. நீளம் 20 அடி, அகலம் 14, உயரம் 10. தரை கிரானைட், சுவர் சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட். நீளம் உயரத்துக்குச் சரியாக இரண்டு மடங்கு, அதுதான் இடிக்கிறது. ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்தால் நீளவாக்கில் முதல் ரூம் மோட் (சுவர்களுக்கிடையே அலை மோதி வீங்கும் ஒலி) 28 ஹெர்ட்ஸ், இரண்டாவது 56. அகலவாக்கில் 40. உயரவாக்கில் முதலாவதே 56. இரண்டு 56-ம் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். எத்தனை லட்சத்தில் ஸ்பீக்கர் வந்தாலும் அந்த இடத்தில் பாஸ் வீங்கும்.

மார்ச் 4, செவ்வாய்
கை தட்டினால் கல் மண்டபம் மாதிரி இழுக்கிறது.

மார்ச் 6, வியாழன்
இழுப்புக்குக் கணக்கு போட்டேன். அறையின் கன அளவு ஏறக்குறைய 79 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 115 சதுர மீட்டர். சராசரியாக நூற்றில் 3 பங்கு ஒலியை மட்டும் உறிஞ்சுகின்றன என்று வைத்தால் சபைன் சூத்திரப்படி எதிரொலி அடங்க மூன்றரை வினாடிக்கு மேல் ஆகும். பாட்டு கேட்க அரை வினாடிக்குள் வர வேண்டும். அதற்கு 25 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சும் பரப்பு வேண்டும்.

சோபா, கம்பளம், கனமான திரை, புத்தக அலமாரி இவையே பாதி வேலை செய்யும். மீதிக்கு ராக்வுல் (பாறை இழை) பலகை. 4 அடிக்கு 2 அடி, கனம் 4 அங்குலம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, மரச்சட்டத்தில் அடைத்து மேலே காற்று புகும் துணி. சுவரோடு ஒட்டாமல் 4 அங்குலம் தள்ளி நிறுத்தினால் இன்னும் கீழே வரை பிடிக்கும். முட்டை அட்டையும் ஒரு அங்குல ஸ்பாஞ்சும் உச்சத்தை மட்டும் தின்றுவிட்டுக் கீழே ஒன்றுமே செய்யாது. அறை மந்தமாகிப் போகும், வீக்கம் அப்படியே இருக்கும்.

18 லட்சத்தில் ஒன்றரை லட்சம் அறைக்கு. இதில் பேரம் கிடையாது.

மார்ச் 8, சனி
பெரியப்பாவின் சுருதி ஒரு கட்டை. 131 ஹெர்ட்ஸ்.

மார்ச் 9, ஞாயிறு
நேற்று எழுதிய 131 மனதை விட்டுப் போகவில்லை. தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரின் முன்பக்கத்தோடு நிற்காது. சுற்றிக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும். முன்முகத்துக்கும் அந்தச் சுவருக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால் பங்கு என்றால், போய் வரும் வழி அரை அலை. நேரே வருவதும் திரும்பி வருவதும் ஒன்றையொன்று அழிக்கும். 343-ஐ அந்தத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் பள்ளம் எங்கே விழும் என்று தெரியும்.

65 செ.மீ. வைத்தால் 132. பெரியப்பாவின் ஷட்ஜம் அங்கேயே விழுகிறது. 87 செ.மீ. என்றால் 98: மந்தர பஞ்சமம், தம்புராவின் முதல் தந்தி. 50 செ.மீ. என்றால் 172. பெரும்பாலான வீடுகளில் ஸ்பீக்கரை இரண்டடி தள்ளித்தான் வைக்கிறார்கள். ஆண்குரல் மெலிந்து கேட்டால் ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) குறை சொல்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்
மின்சாரம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 7 வோல்ட். இரண்டு, மூன்றுக்குள் இருக்க வேண்டும். எர்த் குழி வற்றியிருக்கலாம், நியூட்ரல் எங்காவது தளர்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியன் இரண்டையும் பார்க்க வேண்டும். டிபி-யிலிருந்து (மின் பகிர்வுப் பெட்டி) ஆம்புக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர். போர் மோட்டார் ஓடும் லைனில் ஆம்பைச் செருகவே கூடாது. சதுர அலை இன்வெர்ட்டரிலும் கூடாது, டிரான்ஸ்பார்மர் உறுமும். கேபிள் டிவி ஒயர் ஆம்போடு சேர்ந்தால் 50 ஹெர்ட்ஸ் முனகல் வரும். அதைக் கழற்றினால் போய்விடும்.

ஸ்பீக்கர் ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். 4 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு, போக வர 0.06 ஓம்கூட ஆகாது. போதும்.

மார்ச் 14, வெள்ளி
பெரியப்பாவின் ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை) வந்தது. 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டு காதிலும் சரிவு.

இதைப் பார்த்ததும் உச்சஸ்தாயி பளிச்சென்று அடிக்கும் ஸ்பீக்கர் வாங்கத் தோன்றும். கூடாது. உள்காது தேய்ந்தவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, சத்தமான ஒலியோ சட்டென்று ஏறிக் குத்தும். நடுவில் உள்ள இடைவெளி குறுகிவிடும். பளிச்சென்ற ஸ்பீக்கரில் ஜால்ரா ஊசியாக இறங்கும், பத்து நிமிடத்தில் அணைக்கச் சொல்வார். அவருக்கு வேண்டியது 3 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமான குரல், பக்கவாட்டிலும் மாறாத குரல். நேர் எதிரே நிமிர்ந்து உட்கார அவரால் முடியாது.

மார்ச் 16, ஞாயிறு
பெங்களூரு கடையில் கேட்ட ஸ்பீக்கர்கள்.

ஹார்பெத் 30.2. பிபிசி-யில் இருந்த ஹார்வுட் 1977-இல் தொடங்கிய கம்பெனி. மெல்லிய பலகைப் பெட்டியை வேண்டுமென்றே மெல்ல அதிர விடுவது அவர்கள் வழி. குரல் அருமை. நாகஸ்வரம் ஏறும்போது கொஞ்சம் அடங்கிப் போகிறது.

கிளிப்ஷ் லா ஸ்கேலா. 105 டெசிபல் உணர்திறன், சில வாட்டிலேயே தவில் நெஞ்சில் இடிக்கிறது. ஆனால் அலமாரி அளவுப் பெட்டி, கீழே 51 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. பாஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41. சின்னப் பெட்டி, ஆழ்ந்த பாஸ், அதிக உணர்திறன் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது என்று ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஹாஃப்மன் சொன்னது பெரிய பெட்டியையும் விடுவதில்லை.

பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 804 டி4. நகாசு வேலை. வைர ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்). தடை 3 ஓம் வரை இறங்கும், நல்ல ஆம்ப் கேட்கும். அவர் காதுக்குக் கொஞ்சம் பளிச்.

கெஃப் ரெஃபரன்ஸ் 1 மெட்டா. ட்வீட்டர் நடுவீச்சுக் கூம்பின் மையத்திலேயே இருக்கிறது. யூனி-க்யூ என்று 1988-இல் கொண்டுவந்த முறை. சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாலும், எழுந்து நின்றாலும் குரலின் நிறம் மாறவில்லை.

ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் மீட்டரை வைத்து, அரை டெசிபலுக்குள். இல்லாவிட்டால் சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகப் படும். கடையில் இதைச் செய்யத் தயங்கினார்கள். விடக்கூடாது.

மார்ச் 17, திங்கள்
65 செ.மீ. கடையிலும் அவ்வளவுதான் தள்ளி வைத்திருந்தார்கள். நேற்று குரலைப் பற்றி எழுதியதில் எவ்வளவு ஸ்பீக்கருடையது, எவ்வளவு சுவருடையது?

மார்ச் 18, செவ்வாய்
கடையில் கேட்டதை மட்டும் நம்ப முடியாது. சிடிஏ-2034 முறையில் ஸ்பீக்கரைச் சுற்றி 70 கோணங்களில் எடுத்த அளவீடு இருந்தால் அதில் சுவர் கிடையாது. கனடாவில் ஃபிளாய்ட் டூல் தொடங்கிய ஆராய்ச்சியின் பயன் அது. நேரெதிரே எடுத்த அளவீட்டின் கோடு சமமாகவும், பக்கவாட்டுக் கோடுகள் மேடு பள்ளமின்றி சரிந்தும் இருந்தால் நம்பலாம். இதில் கெஃப் நிற்கிறது.

மார்ச் 21, வெள்ளி
குளவி! பழைய ஸ்பீக்கரின் பாஸ் துளைக்குள் மண் கூடு. கேட்காத நாட்களில் துளையைப் பஞ்சு உருளையால் அடைத்து வைக்க வேண்டும். கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் விளிம்பு தொட்டால் உதிர்கிறது. நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் விளிம்புதான் தாங்கும்.

மார்ச் 24, திங்கள்
தூக்கம் வராமல் உட்கார்ந்ததில் ஒன்று பிடிபட்டது. ஸ்பீக்கரின் முன்முகம் சுவரிலிருந்து 110 செ.மீ. என்றால் பள்ளம் 78 ஹெர்ட்ஸில். 80-க்குக் கீழே ஸ்பீக்கரை வெட்டி சப்வூஃபரிடம் (தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான பெட்டி) கொடுத்துவிட்டால் அந்தப் பள்ளம் பெரும்பாலும் ஸ்பீக்கர் ஓய்ந்த இடத்தில் விழும். சப் சுவரோடு ஒட்டி நிற்கும். அதன் பள்ளம் அது பாடும் எல்லைக்கு வெகு மேலே. ஒரு கட்டையும் தப்பும், தம்புராவின் பஞ்சமமும் தப்பும்.

ஆகவே தரையில் நிற்கும் பெரிய ரெஃபரன்ஸ் 5 வேண்டாம். குரலுக்கு நல்ல இடமும் பாஸுக்கு நல்ல இடமும் ஒன்றல்ல. ஒரே பெட்டியில் இரண்டையும் கட்டினால் ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். ரெஃபரன்ஸ் 1, ஸ்டாண்டோடு. மூடிய பெட்டி 12 அங்குல சப் இரண்டு: ஒன்று ஸ்பீக்கர் பக்க முன்சுவர் நடுவில், ஒன்று சோபா பக்கப் பின்சுவர் நடுவில். எதிரெதிரே நின்றால் நீளவாக்கு 28 தூண்டப்படாது. அகலத்தின் நடுவில் நிற்பதால் 40-ம் தூண்டப்படாது. 56 தங்கும். அதை ஈக்யூவில் (ஈக்வலைசரில்) வெட்டலாம். மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது.

மார்ச் 25, செவ்வாய்
பெரியம்மாவிடம் பின்சுவர் சப்பைச் சொன்னேன். “சாமி படத்துக்குக் கீழே மட்டும் வைக்காதேப்பா, அதிரும்.” நடு என்றால் அந்த இடம்தான். படத்தைப் பக்கச் சுவருக்கு மாற்றலாமா என்று நாளை கேட்க வேண்டும்.

மார்ச் 31, திங்கள்
ஆம்ப். ரெஃபரன்ஸ் 1-க்கு 85 டெசிபல் உணர்திறன், 4 ஓம். அது 2.83 வோல்ட்டில் அளந்தது; 4 ஓமில் அது 2 வாட். ஒரு வாட்டுக்கு 82 என்றே எடுக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் 3 கூட்டும், 2.7 மீட்டர் தூரம் ஏறக்குறைய 6 கழிக்கும். தவிலின் உச்சம் 102 வேண்டுமானால் 23 டெசிபல் ஏற வேண்டும்: 200 வாட். ஹைபெக்ஸ் வகை டி-கிளாஸ், அதிகம் சூடாகாதது, போதும். ஏ-கிளாஸ் ஆம்ப் சும்மா இருக்கும்போதே கொதிக்கும். ஏப்ரலில் கிருஷ்ணகிரியில் அதற்காக ஏ.சி. ஓட்டினால் அந்தச் சத்தமே மெல்லிய தம்புராவை மூடிவிடும்.

கேட்கும்போது ஃபேனும் நிற்க வேண்டும். இறக்கை ஒலியை வெட்டி வெட்டி அனுப்பி, நீளும் கார்வையில் நடுக்கம் சேர்க்கும்.

ஏப்ரல் 2, புதன்
ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க பர்கூர் பக்கம் கிரானைட் துண்டு சொல்லியாயிற்று. 2 அடிக்கு ஒன்றரை அடி, 40 மி.மீ. கனம், ஒன்று 30 கிலோ வரும். தட்டினால் கணீரென்கிறது, அடியில் ரப்பர் பாய் போட வேண்டும். ஸ்டாண்டின் கூர் ஆணியைத் தரைக்கல்லில் நேராக இறக்கினால் விரிசல் விடும்.

ஏப்ரல் 5, சனி
பெரியப்பா போனில்: “தொப்பி கேக்கணும்டா. வலந்தலை எல்லா பொட்டியிலயும் கேக்குது.” தொப்பி மிருதங்கத்தின் ஆழ்ந்த இடப்பக்கம், வலந்தலை கணீரென்ற வலப்பக்கம்.

ஏப்ரல் 9, புதன்
பெட்டிகள் ஓசூர் தாண்டிவிட்டன. யூமிக்-1 அளவீட்டு மைக்குக்கு அதன் எண்ணுக்குரிய திருத்தக் கோப்பை இறக்கியாயிற்று. வந்ததும் முன்முகம் சுவரிலிருந்து 110, ட்வீட்டர் காது உயரம், சோபா பின்சுவரிலிருந்து 2.3 மீட்டர். முதலில் 56-ஐ வெட்டாமல், சப்பை அணைத்து அளக்க வேண்டும்.