இரட்டைச் சக்கர லாரிக்குப் பெரிய டயர்: சந்து இருக்கிறதா என்று பாருங்கள்

சைட்டுக்கு ஓடும் 14 அடி லாரிக்கு டயர் மாற்றும் நேரம் வந்தால், "இந்தத் தடவை ஒரு சைஸ் பெரிசாப் போட்டுடலாமே" என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். கேட்பவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவைதான். சிங்கப்பூரில் தெங்காவிலும் துவாசிலும் சைட் மண்பாதையில் இறங்கினால் பின் ஆக்சில் தட்டுகிறது. கம்பிக்கட்டு ஏற்றினால் டயர் பிதுங்குகிறது. சாலையோரக் கர்பில் உரசி பக்கச்சுவர் கிழிகிறது. ஆனால் பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் சேர்ந்து நிற்கும் லாரியில் உயரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த இரண்டு டயருக்கும் நடுவே எவ்வளவு சந்து இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் பலருக்கும் வியப்பாக இருக்கும். 195/85 ஆர்16 டயரின் மொத்த உயரம் சுமார் 738 மிமீ. 205/85 ஆர்16 போட்டால் 755 மிமீ. டயர் 17 மிமீ வளர்ந்தாலும் ஆக்சில் அதில் பாதிதான் உயரும், அதாவது எட்டரை மிமீ. அதே லாரிக்கு "அகலமா நல்லா இருக்கு" என்று 225/75 ஆர்16 எடுத்தால் உயரம் 744 மிமீதான். ஆக்சில் மூன்றே மிமீதான் உயரும், ஆனால் இரண்டு டயருக்கும் நடுவே இருந்த இடத்தில் 30 மிமீ போய்விடும். பக்கச்சுவரில் உள்ள முதல் எண் அகலம், இரண்டாவது எண் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. முதல் எண் கூடி இரண்டாவது எண் குறைந்தால், பெரிதாகத் தெரிகிற டயர் உயரத்தில் ஒன்றும் தராது.

இந்தச் சந்தின் அளவை எடுக்கப் பெரிய கருவி தேவையில்லை. லாரியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். உள்டயரின் தடத்தில் (சாலையைத் தொடும் பரப்பில்) இடது விளிம்பில் ஒரு சாக்குக்கட்டிக் கோடு, வெளிடயரின் தடத்தில் அதே இடது விளிம்பில் இன்னொரு கோடு. டயரின் மேல்பகுதியில், பாரம் அழுத்தாத இடத்தில், இந்த இரண்டு கோட்டுக்கும் இடையே அளந்தால் வருவதுதான் மையத்துக்கு மையம் உள்ள தூரம். இதை முடிவு செய்வது ரிம். டயரை மாற்றினால் இந்தத் தூரம் மாறாது. எடுத்துக்காட்டுக்கு 230 மிமீ வருகிறது என்று வையுங்கள். 195 அகல டயரில் 35 மிமீ சந்து மிஞ்சும். 205க்கு 25. 225க்கு வெறும் 5. காற்று அடித்தபின் இருக்கும் உண்மையான அகலம் பெயரிலுள்ள எண்ணிலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரும் ஏறக்குறைய 5 மிமீ விரியும். ஆகவே டயர் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு சைசுக்கும் இரட்டைச் சக்கரத்துக்கான குறைந்தபட்ச மைய தூரம் தனிப் பத்தியாக இருக்கும். உங்கள் ரிம்மின் தூரம் அதைவிடக் குறைந்தால் அந்த சைசை அங்கேயே கைவிட வேண்டும். "ஏத்திப் பாத்துக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னாலும் இணங்கக் கூடாது.

ஏனென்றால் கடையில் நிற்கும் லாரி காலி லாரி. பாரம் ஏறியதும் தரையைத் தொடும் இடத்தில் இரண்டு டயரும் ஒன்றை நோக்கி ஒன்று பிதுங்கும். சந்து போதாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் முத்தமிட்டு விலகும். அது அங்கே நடந்துகொண்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. வெளிடயரைக் கழற்றி அதன் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்: பக்கச்சுவரின் நடுவே, டயரைச் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று பாலிஷ் போட்டதுபோல் ஒரு வளையம். அச்சிட்ட எழுத்துகள் அந்த இடத்தில் மழுங்கியிருக்கும். விரலால் தடவினால் கரும்பொடி ஒட்டும். உள்டயரிலும் அதே உயரத்தில் அதே வளையம். இந்த நிலையிலேயே பிடித்தால் பிழைத்தோம். விட்டால் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் இழை வெளியே வரும். பக்கச்சுவருக்கு வார்ப்போ ஒட்டோ கிடையாது, அந்த டயர் முடிந்தது. நம் ஊர்ச் சூட்டில், பிஐஇ நெடுஞ்சாலையில் முழுப் பாரத்தோடு போகும்போது நடுவே காற்றோட்டம் இல்லாத ஜோடி டயர் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சந்து ஒடுங்கினால் இன்னொரு தொல்லையும் உண்டு. உடைந்த செங்கல், பலகைத் துண்டு, ஜல்லி எல்லாம் எளிதில் உள்ளே மாட்டும், மாட்டினால் வெளியே வராது. சைட்டை விட்டுக் கிளம்பும்போது சக்கரம் கழுவும் இடத்தில் தண்ணீரை அந்தச் சந்துக்குள் பீய்ச்சிவிட்டு, குனிந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சந்து போதவில்லை என்றால் நடுவே ஒரு ஸ்பேசர் வளையம் வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வளையம் எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஸ்டட்டின் (சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டின்) மரை நட்டுக்குப் பிடிப்பில்லாமல் போகும். நட்டு கூம்பாகவோ உருண்டையாகவோ உட்காரும் ரிம்மில் தட்டையான வளையம் சரியாகவும் உட்காராது. முறையான வழி, மைய தூரம் கூடுதலாக உள்ள வேறு ரிம் வாங்குவது. அப்போதும் உள்சக்கரம் சட்டத்தின் பக்கமும் வெளிச்சக்கரம் மட்கார்டின் பக்கமும் நகரும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். ரிம்மின் அகலமும் பொருந்த வேண்டும். 195, 205 இரண்டும் ஐந்தரை அங்குல ரிம்மில் உட்காரும். 225/75 ஆர்16க்கு 6 அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும்.

டயர் பிதுங்குகிறது என்பதுதான் உங்கள் குறை என்றால் சைசைத் தொடாமலே தீர்க்க வழியிருக்கிறது. பக்கச்சுவரில் டயர் தாங்கும் பாரத்தின் குறியீடாக 117/115 என்பதுபோல் இரண்டு எண் இருக்கும். முதலாவது டயர் ஒற்றையாக ஓடும்போது, இரண்டாவது ஜோடியாக ஓடும்போது. 115 என்றால் டயர் ஒன்றுக்கு 1,215 கிலோ, பின்னால் நான்குக்குமாக 4,860. 112 என்றால் 1,120 கிலோ, நான்குக்கு 4,480. ஒரே சைசில் கூடுதல் பாரக் குறியீடு உள்ள டயர் கிடைத்தால் பல லாரிகளுக்கு அதுவே போதும், சந்தும் அப்படியே இருக்கும். அதற்குரிய காற்றை ரிம் தாங்குமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆனால் ஒன்று: டயர் தாங்குகிறது என்பதற்காக லாரியின் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடை கூடிவிடாது. ஸ்பிரிங், ஆக்சில், பிரேக் எல்லாம் பழையவைதான்.

சைஸ் மாற்றுவது என்றால் ஆறு டயரும் மாற வேண்டும், ஸ்பேரோடு சேர்த்து ஏழு. இந்த அளவு டயர்களில் ஜோடியாக நிற்கும் இரண்டுக்கும் விட்ட வித்தியாசம் 6 மிமீ தாண்டக் கூடாது, சுற்றளவில் 19 மிமீ. தாண்டினால் பெரியது பாரத்தை வாங்கிக்கொள்ளும், சின்னது சாலையில் இழுபட்டுத் தேயும், இரண்டுமே வீணாகும். பழைய 195 ஸ்பேரைப் புது 205க்குப் பக்கத்தில் மாட்டினால் வித்தியாசம் 17 மிமீ. அவசரத்துக்குக்கூட அது உதவாது. ஒரே சைசில் புதுசையும் தேய்ந்ததையும் ஜோடி சேர்த்தாலும் இதே கதைதான்: தடத்தில் 4 மிமீ தேய்மானம் விட்டத்தில் 8 மிமீ. ஸ்டீல் டேப்பைத் தடத்தைச் சுற்றிப் போட்டு அளந்துதான் ஜோடி சேர்க்க வேண்டும்.

இனி இடம். உள்டயருக்கும் லீஃப் ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுக்கும் இடையே கை நுழைகிறதா, பிரேக் ஹோஸ் எங்கே தொங்குகிறது, ஸ்பிரிங் முழுக்க அமுங்கினால் லாரித் தளத்தின் அடிப்பலகையை டயர் தொடுமா, முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினால் எங்காவது உரசுகிறதா, ஸ்பேர் அதன் கூண்டுக்குள் போகிறதா. டயர் மட்கார்டை விட்டு வெளியே நீட்டினால் சோதனை நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

வேகமானியையும் மறக்கக் கூடாது. 738லிருந்து 755க்குப் போனால் முள் 60 காட்டும்போது லாரி 61.4ல் ஓடும். அதிகபட்ச எடை 3,500 கிலோவுக்கு மேற்பட்ட லாரிக்கு நெடுஞ்சாலையிலும் வரம்பு 60தான். லாரியில் வேகக் கட்டுப்படுத்தி இருந்தால், டயர் மாறியதும் அதைப் பொருத்திய நிறுவனத்திடம் புது அளவைச் சொல்லி மறுபடி சரிசெய்வதே முறை. இழுவையும் பிரேக் பிடிப்பும் அதே இரண்டு சதவீதச் சொச்சம் குறையும். காலியாக ஓடும்போது தெரியாது. பாரத்தோடு பலமாடித் தொழிற்கூடத்தின் சாய்தளம் ஏறும்போது தெரியும்.

சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடிய ஓராண்டுக்குள் இருக்கும் லாரிக்கு ஏழு டயரும் ரிம்மும் வாங்குவது பணத்துக்குக் கேடு. பழைய சைசிலேயே நல்லதாக வாங்கி ஓட்டி முடிப்பதே புத்திசாலித்தனம். வாங்கும்போது பக்கச்சுவரின் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

மாட்டும்போது உள்டயரின் வால்வுக்கு உறுதியான நீட்டிப்புக் குழாய் போடச் சொல்லுங்கள். கைக்கு எட்டாத வால்வை யாரும் சோதிப்பதில்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்தால் முழுக்கக் காற்றிறங்கிய டயர் அகப்படும், 20 பிஎஸ்ஐ குறைந்த டயர் அகப்படாது. அந்தக் குறைந்த டயர்தான் அதிகம் பிதுங்கிப் பக்கத்து டயரை உரசும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். உள்நட்டும் வெளிநட்டுமாக இரண்டடுக்கு நட்டு உள்ள ஜப்பானிய முறை ரிம்களில் உள்நட்டை முதலில் இறுக்கி உள்சக்கரத்தை உட்கார வைத்த பிறகே வெளிச்சக்கரம். அந்த முறையில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை (எதிர்ப்பக்கமாகத் திருப்பி இறுக்குவது) என்பதை ஏர் கன் பிடிப்பவர் அறிந்திருக்க வேண்டும். கடைசி இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். அப்போது வெளிநட்டைத் தளர்த்தாமல் உள்நட்டை இறுக்க முடியாது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தளர்த்தாமல், ஒன்றுவிட்டு ஒன்றாகத் தளர்த்தி, உள்நட்டை இறுக்கி, வெளிநட்டைப் பழையபடி இறுக்கியபின் மற்ற பாதிக்குப் போக வேண்டும்.