சிக்னலில் மட்டும் சூடேறும் எஞ்சின்: முதலில் ஃபேனைப் பாருங்கள்

தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை ஏசி போட்டு 90-ல் போனாலும் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு அசையாது. திரும்பி வரும்போது பெருங்களத்தூர் நெரிசலில் பத்து நிமிஷம் ஊர்ந்தால் விறுவிறுவென்று ஏறும். இந்த வித்தியாசமே பாதி கோளாறைச் சொல்லிவிடுகிறது. ஓடும்போது ரேடியேட்டருக்கு எதிர்காற்று கிடைக்கிறது. நின்றால் ஃபேன்தான் கதி. அதனால் நெரிசலில் மட்டும் சூடாகும் வண்டியில் காற்று வரும் வழியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நெடுஞ்சாலையிலும் மேடேறும்போதும் சூடானால் அது தண்ணீர்ப் பக்கம்: ரேடியேட்டர் அடைப்பு, முழுசாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப்.

ஆனால் பல ஒர்க்‌ஷாப்புகளில் முதலில் நடப்பது கூலன்ட் (எஞ்சினைச் சுற்றிச் சூட்டைத் தணிக்கும் திரவம்) மாற்றுவது, அடுத்தது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. இரண்டும் ஃபேனைத் தொடவே தொடாது.

எலக்ட்ரிக் ஃபேன் உள்ள சின்ன பெட்ரோல் கார்களை வைத்துச் சொல்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். சில நொடிகளில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். (ஃபேன் எப்போது வேண்டுமானாலும் திடீரென்று கிளம்பும், கை, துப்பட்டா, தொங்கும் சார்ஜர் ஒயர் எதுவும் அருகில் வேண்டாம்.) சுற்றவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், ஃபியூஸ் பெட்டியில் ஃபேன் ரிலே (ஃபேனுக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்) இருக்கும் இடத்தில், அதே எண் போட்ட வேறொரு ரிலேவை மாற்றிச் செருகுங்கள். பல வண்டிகளில் ஹார்ன் ரிலே பொருந்தும். அப்போதும் அசையவில்லை என்றால், ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாகக் கரன்ட் கொடுங்கள். குறைந்தது 2.5 சதுர மி.மீ. ஒயர், நடுவில் ஃபேனுக்குரிய அதே ஆம்பியரில் ஒரு ஃபியூஸ். அதற்கும் சுற்றாமல், மோட்டாரை லேசாகத் தட்டினால் சுற்றுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மோட்டாரை மாற்றுவதே நல்லது.

நேரடியாகக் கொடுத்தால் ஓடுகிறது, வண்டியில் ஓடவில்லை என்றால் சென்சார் பக்கம் போங்கள். கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால், பல வண்டிகளில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பாதுகாப்புக்காக ஃபேனைத் தானே ஓட்டிவிடும். அப்படி ஓடினால் ரிலே, ஒயரிங், மோட்டார் மூன்றும் சரி, சென்சார்மேல்தான் சந்தேகம். பரவலாக உள்ள வகைச் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்டும். மல்டிமீட்டரும் ஒரு சொம்பு வெந்நீரும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஏமாற்றுவது ஓடுகிற ஃபேன்தான். "ஃபேன் ஓடுதே சார்" என்று விட்டுவிடுவார்கள். ஓடுவது போதாது, இழுக்க வேண்டும். ஒரு நியூஸ்பேப்பர் தாளை முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கன்டென்சர்மேல் வையுங்கள். தானே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெளியே தள்ளினால், மோட்டார் மாற்றியபோது பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் பின்னோக்கி ஓடுகிறது. சோம்பலாகச் சுற்றினால், ஓடும் நேரத்தில் ஃபேன் கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே காண்டாக்ட் அல்லது எர்த் ஒயர். இரண்டு வேக ஃபேன் உள்ள வண்டியில் மெதுவேக ரெசிஸ்டர் எரிந்துபோனால், முள் வெகுவாக ஏறிய பிறகுதான் ஃபேன் திடீரென்று இரைந்துகொண்டு கிளம்பும்.

ஃபேன் நன்றாக இழுத்தும் சூடு குறையவில்லையா? ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சி, சேறு, காய்ந்த இலை எல்லாம் அந்த இடுக்கில்தான் குடியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் ஆறிய பிறகு, சாதாரண ஹோஸ் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக விடுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி, இருந்த காற்றும் போய்விடும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும். கூடு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் ஓரத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்து, ரேடியேட்டர் மூடி. விலை சொற்பம், செய்யும் வேலை பெரிது. 0.9 பார் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியில் 100-லேயே கொதித்து, ரிசர்வ் டப்பா வழியாக வெளியே கொட்டும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தால் மூடியின் உள்வால்வு அடைத்திருக்கிறது. அதே பார் எண் போட்ட மூடிதான் வேண்டும். பெரிய எண் போட்டால் பழைய ஹோஸ்தான் வெடிக்கும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்ற பேச்சை நம்பாதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், மைலேஜ் இறங்கும். பைபாஸை மூடும் வகைத் தெர்மோஸ்டாட் என்றால் இன்னும் மோசம்: அதைக் கழற்றியதும் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்து, சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினைச் சுற்றும். சந்தேகம் இருந்தால் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். மேலே பொறித்த எண்ணில், பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில், வாய் திறக்கத் தொடங்க வேண்டும்.

கூலன்ட் குறைந்துகொண்டே போய், வெளியே எங்கும் கசிவில்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைப் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) பாருங்கள். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அல்லது மூடியைத் திறந்த நிலையில் குமிழி ஓயாமல் வந்தால், இதுவரை சொன்ன எதுவும் உதவாது. ஹெட்டை இறக்க வேண்டும்.

நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பு உள்ளே படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கான்சன்ட்ரேட் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதி. ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் ரெடிமிக்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்கக் கூடாது. வண்டியின் மூக்கை மேட்டில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஐடிலில் ஓட்டி மெல்ல ஊற்றுங்கள். காற்று முழுக்க வெளியேறி மட்டம் இறங்குவது நின்றதும் மூடியைப் போடலாம்.

வழியில் முள் ஏறிவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரையும் புளோயரையும் உச்சத்தில் வைத்து, ஜன்னலைத் திறந்து ஓரம் கட்டுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹெட் பிழைக்கும். ஆவி வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள், சூடான எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அலுமினிய ஹெட் கோணிவிடும்.

வேலை முடிந்ததும் சோதனை இப்படி: வண்டியை நிறுத்தி, ஏசி போட்டு, இருபது நிமிஷம் ஐடிலில் விடுங்கள். முள்ளை நம்ப வேண்டாம்; பல கார்களில் 75 முதல் 105 டிகிரி வரை அது நடுவிலேயே நிற்கும். சில வண்டிகளில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். எஞ்சின் தகவலை மொபைலுக்கு அனுப்பும் ஓபிடி கருவியைச் செருகி, கூலன்ட் சூட்டின் எண்ணைப் பாருங்கள். பிறகு ஏசியை அணைத்தால் 95 சுமாருக்கு ஃபேன் கிளம்பி, நாலைந்து டிகிரி இறங்கியதும் நிற்க வேண்டும். 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மறுபடி நியூஸ்பேப்பர் தாளிலிருந்து ஆரம்பியுங்கள்.