மூன்றாவது ஜோடிதான் பாடியது

பியானோவை ஆன் செய்ததும் ஃபியூஸ் போனது. புதிது போட்டேன், அதுவும் போனது. 1970-களின் எலக்ட்ரிக் பியானோ இது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எஃகு நாக்கு, அதன் பக்கத்தில் ஒரு தகடு. இரண்டும் சேர்ந்து ஒரு கண்டென்சர். சுத்தியல் தட்டி நாக்கு ஆடும்போது மாறும் கொள்ளளவுதான் ஒலியாகிறது. இதற்காக உள்ளே சுமார் 150 வோல்ட் இருக்கும் என்பதால், பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்த பிறகே கை வைத்தேன்.

ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டிலும் கலெக்டரும் எமிட்டரும் ஷார்ட், அதாவது கரண்ட் தடையே இல்லாமல் ஓடும் நிலை. இரண்டும் டிஓ-3 என்ற வடிவ உலோகக் கூடு, இரண்டும் என்பிஎன் வகை. மேலே அச்சிட்டிருந்த எண்ணைத் தேடினால் எந்த டேட்டாஷீட்டும் (அளவுகள், வரம்புகள் சொல்லும் தாள்) கிடைக்கவில்லை. தயாரிப்பாளர் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட உள் எண் அது. சர்வீஸ் மேனுவலிலும் அதே எண்தான்.

சரி, எண் பேசாவிட்டால் சர்க்யூட் பேசட்டும் என்று உட்கார்ந்தேன். சப்ளை பிளஸ் மைனஸ் 30 வோல்ட். ஒரு டிரான்சிஸ்டர் முழுதாகக் கரண்டைக் கடத்தினால் மற்றதன் தலையில் கிட்டத்தட்ட 60 வோல்ட்டும் விழும். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் 2என்3055 என்ற டிரான்சிஸ்டரின் வரம்பே 60 வோல்ட்தான். மெயின்ஸ் கொஞ்சம் ஏறினால் போச்சு. ஆகவே நூறுக்கு மேல் தாங்குவதாகத் தேடினேன்.

முதல் ஜோடி மலிவாக வந்தது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்த்ததும் எழுத்து கரைந்து பஞ்சோடு வந்துவிட்டது. சந்தேகத்தில் ஒன்றின் மூடியை அறுத்துப் பார்த்தேன்: உள்ளே இருந்த சிப் எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. செத்துப்போன பழையதை அறுத்தால், அதில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு! வந்தது போலி.

இரண்டாவது ஜோடி அசல் எம்ஜே21194. 250 வோல்ட், 16 ஆம்பியர், இனி என்ன கவலை என்று நினைத்தேன். மைக்கா தகடு, ஹீட் சிங்க் பேஸ்ட் எல்லாம் வைத்துப் பொருத்தி, எங்காவது ஷார்ட் இருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்த, மெயின்ஸுக்குத் தொடரில் ஒரு 100 வாட் குண்டு பல்பு போட்டு ஆன் செய்தேன். கட்டையைத் தொடாமலே ஹீட் சிங்க் சுட்டது. ஆசிலோஸ்கோப்பில் கோடு மயிர் முளைத்ததுபோல் தடித்திருந்தது. ஆம்ப் தனக்குத்தானே ஆசிலேட் ஆகி, காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலப் பவர் டிரான்சிஸ்டர்கள் 1 மெகாஹெர்ட்ஸ் ஓடவே திணறும். இது 4-ஐத் தாண்டும். மந்தமான டிரான்சிஸ்டரை நம்பி வரைந்த சர்க்யூட்டில் வேகம் ஒரு தொல்லை. கண்டென்சர் சேர்த்து அடக்கலாம்தான், ஆனால் ஐம்பது வருடம் ஒழுங்காக ஓடிய சர்க்யூட்டைத் திருத்த எனக்கு மனமில்லை.

மூன்றாவது எம்ஜே15015. 120 வோல்ட், 15 ஆம்பியர், 2என்3055-இன் பலசாலி உறவுக்காரன், அதே சாவதானம். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது, ஷார்ட் இல்லை. 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லிவோல்ட், அதாவது கட்டை தொடாதபோது ஓடும் கரண்ட் சுமார் 21 மில்லி ஆம்பியர். ஹீட் சிங்க் வெதுவெதுப்போடு நின்றுகொண்டது.

கையோடு, இரைந்துகொண்டிருந்த பிரீஆம்பின் (சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) 2என்5089 டிரான்சிஸ்டரையும் கழற்றி பிசி549சி போட்டேன். கால் வரிசை நேர் தலைகீழ் என்பதால், தட்டைப் பக்கத்தைத் திருப்பி வைத்தால் போதும். இரைச்சல் அடங்கியது. மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை மட்டும் இன்னும் கரகரக்கிறது. அது நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே போய் உட்கார்ந்த தூசி, ஊதினால் போய்விடும்.