காந்த வளையம்: பினாங்கு ஜார்ஜ்டவுன் வேலைக் குறிப்பு

ஜூன் 3
பழைய கடைவீட்டு மாடி அறை, ஆறுக்கு ஒன்பது மீட்டர். சுவரோரமாக ஒரே சுற்று, 30 மீட்டர் வயர்; இதுதான் வளையம், மைக் பேச்சைக் காந்தப்புலமாக அனுப்பும். காது மெஷினை ‘டி’யில் (அந்தப் புலத்தைப் பிடிக்கும் டி-காயில்) வைத்தால் மைக்கில் பேசுவது நேராக இறங்குகிறது, அறை எதிரொலி தொல்லையில்லை. உட்கார்ந்தவர் தலை உயரம் 1.2 மீட்டர்; அங்கே புலத்தின் உச்சம் மீட்டருக்கு 400 மில்லிஆம்பியர். வளையத்துக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60118-4 கேட்பதும் அதுதான். பலகைத் தரை என்பதால் புலத்தை விழுங்க ஒன்றுமில்லை.

ஆனால் கீழ்க்கடையில் டி-காயில் மெஷினோடு நிற்பவருக்கும் கூட்டம் கேட்கும். சம்பளம் பேசும் கூட்டத்துக்கு ஆகாது.

ஜூன் 9
புதிய மண்டபம், காங்கிரீட் தளம். அதே வயர், அதே ஆம்ப்ளிஃபையர். ஓரத்தில் சரி. நடுவில் 1 கிலோஹெர்ட்ஸில் 5 டெசிபல் குறைவு, 5 கிலோஹெர்ட்ஸில் 9. தளத்துக் கம்பிகளில் சுழல் மின்னோட்டம் உண்டாகிப் புலத்தை எதிர்க்கிறது. அதிர்வெண் ஏற ஏற இழப்பும் ஏறும். ‘ச’, ‘ஸ’ தேய்ந்து, தலையணைக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். உடனே எல்லாரும் வால்யூமைத் திருகுவார்கள். நடுவில் ‘ச’ திரும்பி வராது, ஓரத்தில் இருப்பவர் காதுதான் அடைக்கும்.

வழி: தரைவிரிப்புக்கடியில் தட்டைச் செம்பு நாடா, 2 மீட்டர் அகல வரிகளாக, அதன்மேல் பாதி வரி தள்ளி இரண்டாவது அடுக்கு, சிக்னலின் கட்டம் (ஃபேஸ்) 90 பாகை விலகி. செலவு இரட்டிக்கும், வேறு குறுக்குவழி இல்லை.

ஜூன் 10
டிம்மர் விளக்கைப் போட்டதும் ‘ங்ங்’ இரைச்சல். சாதா சுவிட்ச் மாற்றியதும் நின்றது. இரைச்சல் அந்த 400க்கு 32 டெசிபலாவது கீழே இருக்க வேண்டும். காதுக்குள் புதையும் குட்டி மெஷின்கள் பலவற்றில் டி-காயிலே இல்லை; ஹெட்போனோடு ரிசீவர் இரண்டு வைக்கணும்.

ஜூன் 16
வளையம் கொஞ்சமாவது கேட்பவர்க்கே. மற்றவர்க்கு வசனவரி, அதாவது பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது. அதற்குத் தமிழில் வைத்த போன் ஆப், “போராங் ஹந்தார் பண்ணியாச்சா, டெட்லைன் நாளைக்கு லா” என்றதும் உளறியது (மலாயில் போராங் படிவம், ஹந்தார் அனுப்பு). போன் 2 மீட்டர் தள்ளி, மின்விசிறிக்கு நேர் கீழே. மைக்கை வாயருகே 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் பேச்சு 20 டெசிபல் ஏறும். தமிழ் தெளிந்தது, மலாய் தெளியவில்லை. கூட்ட அறிக்கையையும் பெயர்ப்பட்டியலையும் முன்கூட்டியே படித்த ஒரு தட்டச்சாளர் தேவை.

ஜூன் 17
மலேசிய சைகை மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் இருவர், 20 நிமிடத்துக்கு ஒரு மாற்றம். ஜன்னலுக்கு முன் நிறுத்தினால் கையும் முகமும் கறுத்துவிடும். வசனவரி சில விநாடி பின்தங்கும். “ஆதரிப்பவர் கை தூக்குங்க” என்று சொன்னதுமே எண்ணினால் அதைப் படிப்பவர்கள் ஓட்டு விழாது. தலைவர் திரையைப் பார்த்து, அந்த வரி வந்த பிறகே எண்ணத் தொடங்கணும்.