மண்ணு தங்காத பீச் விரிப்பு: டர்பன்ல நான் ரெண்டாவது தடவை தச்ச கதை

போன வருஷம் ஜனவரி 1 அன்னைக்கு இங்க தென்னாப்பிரிக்கால, டர்பன் சவுத் பீச்ல எங்க கார் சாவி மண்ணுக்குள்ள போயிடுச்சு. அந்த நாள்ல இங்க பீச் எப்படி இருக்கும்னு பாத்தவங்களுக்குத் தெரியும், ஊரே அங்கதான் இருக்கும், கால் வைக்க இடம் கிடைக்காது. நானே தச்ச விரிப்போட ஓரப் பாக்கெட்லதான் சாவியைப் போட்டு வச்சிருந்தேன், சாயங்காலம் கிளம்பலாம்னு விரிப்பைத் தூக்கி உதறுனப்ப அது எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னே தெரியல. நானும் வீட்டுக்காரரும் முட்டி போட்டு ஒரு மணி நேரம் மண்ணைச் சலிச்சோம், பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா, அத்தை ஐஸ் பாக்ஸ் மேல உக்காந்து முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பக்கத்துக் குடும்பத்துல ஒரு ஜூலு பையன், பத்து வயசு இருக்கும், கையால தோண்டவே இல்ல, கால் விரலாலயே மண்ணைக் கோடு கோடா உழுதுக்கிட்டு வந்தான், ஒரு கோடு முடிஞ்சா பக்கத்துல அடுத்த கோடு, கடைசில கட்டை விரல்ல மாட்டிக்கிட்டு சாவி வளையம் மேல வந்துச்சு. மிச்சம் இருந்த பிரியாணியைப் பாத்திரத்தோட அவங்க அம்மா கையில கொடுத்துட்டு வந்தோம். (டர்பன் பிரியாணில மசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் போடுவாங்க, நான் கல்யாணமாகி வந்த புதுசுல இது என்ன பிரியாணின்னு நெனச்சேன், இப்ப பருப்பு இல்லாத பிரியாணி எனக்கு இறங்க மாட்டேங்குது.)

வீட்டுக்கு வந்து அந்த விரிப்பைப் பிரிச்சுப் போட்டு எங்க தப்புன்னு பாத்தேன். மேல பழைய பெட்ஷீட், கீழ பாத்ரூம் திரை, ஓரம் பூரா பாக்கெட், வாய் எல்லாம் வெளிப்பக்கம் பாத்து இருந்துச்சு. உக்காந்துக்கிட்டே கையை நீட்டி எடுக்க வசதியா இருக்கும்னு அப்படி வச்சேன், ஆனா யார் நடந்து போனாலும் காலால தள்ளுற மண்ணு நேரா பாக்கெட்டுக்குள்ளதான் போகுது. மூடி வைக்க வெல்க்ரோ தச்சிருந்தேன், மத்தியானத்துக்குள்ள அந்தச் சொரசொரப்பு பூரா மண்ணு ஏறி ஒட்டவே இல்ல. கீழ இருந்த பாத்ரூம் திரையோ தையல் போன வழியிலேயே ஸ்டாம்ப் கிழிக்கிற மாதிரி வரிசையா கிழிஞ்சு போச்சு, ஏன்னா நான் ஜாக்கெட்டுக்குப் போடுற மாதிரி பொடித் தையலா போட்டிருந்தேன். பிளாஸ்டிக்ல ஊசி போட்ட ஓட்டை மூடாது, கிட்டக் கிட்ட ஓட்டை விழுந்தா அது கிழியுறதுக்கு நாமளே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி.

இந்த நவம்பர்ல மறுபடி தைக்கலாம்னு உக்காந்தப்ப அத்தை, நானும் கூட உக்காருறேன்மான்னாங்க. அவங்க டர்பன்ல ஒரு துணி ஃபேக்டரில இருபது வருஷத்துக்கு மேல மிஷின்ல இருந்தவங்க, பூரா நாளும் சட்டைக் காலர் மட்டும்தான், வேற எதுவும் கிடையாது. 90கள்ல வெளிநாட்டுத் துணி மலிவா வந்து இறங்க ஆரம்பிச்சப்ப இங்க நிறைய ஃபேக்டரி மூடுனாங்க, அதுல அவங்க வேலையும் போச்சு. அதுக்கப்புறம் வீட்ல மிஷினைத் தொட்டது ரொம்பக் குறைவு. அவங்க தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவாங்க, நான் சுத்தத் தமிழ்ல கேட்டா சில சமயம் முழிப்பாங்க, ஆனா துணி மேல கை வச்சுட்டா எங்களுக்குப் பேச்சே தேவைப்படல.

துணிக்கு கிரே ஸ்ட்ரீட் போனோம். பேரை டாக்டர் யூசுஃப் தாதூ தெருன்னு மாத்தி வருஷக்கணக்காச்சு, வீட்ல இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். மேல் பக்கத்துக்கு ஷ்வேஷ்வே எடுக்கணும்னு எனக்கு ஆசை, அந்தக் கருநீலத்துல வெள்ளைப் புள்ளி போட்ட காட்டன், இங்க சோத்தோ, கோசா இனப் பொண்ணுங்க கல்யாணத்துக்கெல்லாம் தச்சுப் போடுவாங்களே அது. புதுசா வாங்குறப்ப கஞ்சி போட்டு அட்டை மாதிரி வெறப்பா இருக்கும், அந்தக் காலத்துல கப்பல்ல ஐரோப்பால இருந்து வர்றப்ப ஈரம் பட்டுக் கெட்டுப் போகாம இருக்கப் போட்ட கஞ்சியாம், இப்ப இந்த நாட்லயே அச்சடிச்சாலும் அந்தப் பழக்கம் போகல. கடைக்காரம்மா ஓரத்தை நாக்குல வச்சுப் பாருங்கன்னாங்க, நெஜமாவே உப்புக் கரிச்சுச்சு, அசல் துணிக்கு அதுதான் அடையாளமாம். அகலம் 90 செ.மீ.தான் வரும், அதனால ரெண்டு அகலம் சேத்தாதான் ஒரு குடும்பம் உக்கார முடியும். 6 மீட்டர் எடுத்தேன்.

வெட்டுறதுக்கு முன்னாடி ஊற வைக்கணும், தயவு செஞ்சு இதை மட்டும் விட்றாதீங்க. பாத்டப்ல பச்சைத் தண்ணி நிரப்பிப் போட்டேன், கஞ்சி கரைஞ்சு தண்ணி கலங்கி நீலமா ஆச்சு, ரெண்டு தடவை மாத்துனேன். காஞ்சு எடுத்து அளந்தப்ப 6 மீட்டர் 5.80 ஆயிருந்துச்சு, அகலம் 87. அப்படியே தச்சு அப்புறம் துவைச்சிருந்தா மேல் துணி மட்டும் சுருங்கி, கீழ் துணி சுருங்காம விரிப்பு பூரா அப்பளம் மாதிரி நெளிஞ்சிருக்கும். கஞ்சி போனதும் துணி அவ்வளவு மெத்துன்னு ஆயிடுச்சு, பொண்ணு அதைப் போத்திக்கிட்டே வீடு பூரா சுத்துனா.

கீழ் பக்கத்துக்குக் காசே செலவில்ல. கம்பி ஒடிஞ்சு போன நாலு பேர் கூடாரம் ஒண்ணு கராஜ்ல கெடந்துச்சு, அதோட வெளி உறைதான், ரிப்ஸ்டாப் நைலான் (கிழிசல் பரவாம இருக்கக் கட்டம் கட்டமா நெஞ்சது), லேசானது, தண்ணி ஏறாது. பழைய கூடாரத்துல வெட்டுறீங்கன்னா உள்பக்கப் பூச்சைத் தடவிப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டுனாலோ பொடுகு மாதிரி உதிர்ந்தாலோ அந்தத் துணி வேண்டாம். எங்களுது நல்லா இருந்துச்சு.

மேல் துணி 2.05 மீட்டர் ரெண்டு துண்டு, நடுவுல மடிச்சு அடிச்சு சேத்தப்புறம் அகலம் 170 வந்துச்சு. மிச்சம் இருந்த 1.70ல 28 செ.மீ. உயரத்துல மூணு பட்டி வெட்டி, ரெண்டைச் சேத்துப் பாக்கெட்டுக்கு, ஒண்ணு மேல் மூடிக்கு. இந்தத் தடவை நாலு பக்கமும் பாக்கெட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், ஒரு அகலப் பக்கம் மட்டும் போதும், மத்த மூணு பக்கமும் ஆள் உக்கார, கால் நீட்ட, குழந்தை புரள.

பாக்கெட் வாய் எந்தப் பக்கம்ங்கிறதுதான் பெரிய கேள்வியா இருந்துச்சு. நான் வாயை உள்பக்கமா, விரிப்போட நடுவைப் பாத்து வைக்கலாம்னு சொன்னேன், அத்தை ஒண்ணும் சொல்லாம ஒரு பழைய துண்டை எடுத்து, அதோட ஒரு ஓரத்தை மடிச்சு பாக்கெட் மாதிரி ஊக்கு குத்தி, அதுக்குள்ள ஒரு கை ரவையும் ஒரு சாவியும் போட்டு, எதிர் ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குனாங்க. துண்டு தொங்குது, பாக்கெட் அடியில இருக்கு, வாய் மேல பாக்குது, சாவி உள்ளயே இருக்கு, ரவையும் அடியிலேயே தங்கிடுச்சு. அப்புறம் அந்த அடிப்பக்கத்தைத் தட்டிக் காட்டி, இங்க சல்லடை வைமான்னாங்க.

எனக்கு உடம்பு சிலுத்துடுச்சு. ஒரு வருஷமா மண்ணு உள்ள வராம எப்படித் தடுக்குறதுன்னுதான் நான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன், பீச்ல அது நடக்காத காரியம், வர்ற மண்ணு தானா வெளிய போக வழி விடணும், அவ்வளவுதான். பாக்கெட் துணியோட அடியில, விரிப்பு ஓரத்தை ஒட்டி 6 செ.மீ.க்கு வலை வச்சோம். முதல்ல ஆரஞ்சுப் பழம் வர்ற வலைப் பையை வெட்டிப் பாத்தேன், வெட்டுன எடமெல்லாம் பிசிறு பிசிறா பிரிஞ்சு வந்துச்சு, அப்புறம் வாஷிங் மிஷின்ல உள்துணி போடுற வலைப் பை ஒண்ணை வெட்டுனேன், அது கச்சிதமா நின்னுச்சு. கண்ணு மண்ணு போற அளவு பெருசு, காசு போகாத அளவு சின்னது.

பாக்கெட் அஞ்சு. தண்ணி பாட்டிலுக்கு ரெண்டு பக்கமும் பிளீட், அதாவது மடிப்பு, எடுத்து விட்டேன், இல்லன்னா பாட்டில் வச்சதும் விரிப்பே சுருட்டிக்கிட்டு எழும்பும். செருப்புக்கு அகலமா ஒண்ணு, சன் கிரீமுக்கு ஒண்ணு. போனுக்கு மட்டும் வலை இல்லாம உள்ள கூடாரத் துணி லைனிங் கொடுத்து ஜிப் வச்சது, பிளாஸ்டிக் ஜிப்தான், இரும்பு ஜிப் உப்புக் காத்துல துருப்பிடிச்சு நகராது. சாவிப் பாக்கெட்ல தையலுக்குள்ளயே ஒரு ரிப்பனைச் சேத்து அடிச்சு, முனையில கொக்கி, சாவி அதுல மாட்டித்தான் இருக்கும். அந்த ரிப்பன்ல மட்டும் நான் முன்னும் பின்னுமா அஞ்சு தடவை கெட்டித் தையல் போட்டேன்.

மூலைக்கு வர்றேன். கோடைக்காலத்துல மத்தியானமாச்சுன்னா வடகிழக்குக் காத்து அடிக்கும் பாருங்க, போன தடவை ஐஸ் பாக்ஸ், செருப்பு, கடைசில ஆளு எல்லாம் மூலைக்கு ஒண்ணா உக்காந்தும் விரிப்பு எழும்புச்சு. இந்தத் தடவை கீழ்ப்பக்கம் நாலு மூலையிலயும் கூடாரத் துணில 20 செ.மீ. முக்கோணம் வச்சேன், ரெண்டு பக்கம் ஓர மடிப்புலயே மாட்டிக்கும், மூணாவது பக்கம் திறந்திருக்கும். போனதும் ரெண்டு மூணு கை ஈர மண்ணை அள்ளி உள்ள போட்டா போதும், கிளம்புறப்ப கவுத்துக் கொட்டிடலாம்.

தைக்கிறப்ப நைலான்தான் படுத்துச்சு. பூச்சு இருக்குற பக்கம், துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் ஃபுட்ல ஒட்டிக்கிட்டு நகரவே மாட்டேங்குது, அத்தை டிஷ்யூ பேப்பரைப் பட்டையா கிழிச்சு மேல வச்சு அடிக்கச் சொன்னாங்க, தச்சு முடிச்சதும் தையல் வழியா பேப்பர் அழகா கிழிஞ்சு வந்துடும். ஊசி 90ஆம் நம்பர், ஓரத்துல மடிப்பு கூடுற எடத்துல 100, நூல் பாலியஸ்டர், தையல் நீளம் 3.5 மி.மீ. குண்டூசி எங்கயும் குத்தாதீங்க, தையல் கிளிப் இல்லன்னா துணி காயப்போடுற கிளிப்பே போதும். கீழ் துணியை எல்லாப் பக்கமும் 4 செ.மீ. பெருசா வெட்டி மேல மடிச்சு ஓரப்பட்டியா அடிச்சோம், தனியா கிராஸ் பீஸ் (ஓரத்துக்குச் சாய்வா வெட்டுற பட்டி) வெட்டுற வேலை மிச்சம். ரெண்டு துணியும் நடுவுல நகராம இருக்க நடுத் தையல் மேலயே ஒரு ஓட்டம் ஓட்டி, அந்த ஓட்டைக்குக் கீழ்ப்பக்கம் கூடாரத் தையலுக்குன்னே விக்கிற பசையைத் தடவி ஒரு ராத்திரி விட்டாச்சு. இஸ்திரி போடுறதெல்லாம் கீழ் துணியைச் சேக்குறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, நைலான்ல சூடு பட்டா உருகிடும்.

மூலை மடிக்கிறப்ப மிஷினை அத்தைகிட்ட கொடுத்துட்டேன். நாலு மடிப்பு சேர்ற முனையை அவங்க கட்டை விரல் நகத்தால ஒரு தடவை அழுத்துனாங்க, ஊசியைத் துணியிலயே இறக்கி வச்சுட்டு ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்புனாங்க, மறுபடி இறக்கி ஓட்டுனாங்க. கத்தி மாதிரி முனை. அத்தனை வருஷம் காலர் முனை திருப்புன கை அது.

ஓட்டிக்கிட்டே சொன்னாங்க, அவங்க சின்னப் பொண்ணா இருந்தப்ப சவுத் பீச்சை பஸ்ல இருந்து பாத்ததோட சரியாம். 1953ல வந்த நிறவெறிச் சட்டப்படி பீச், பெஞ்ச், பார்க்குன்னு எல்லாத்தையும் நிறம் பாத்துப் பிரிச்சிருந்தாங்க, இந்தக் கடல்ல வெள்ளைக்காரங்க மட்டும்தான் குளிக்கலாம்னு மூணு பாஷையில போர்டு இருந்துச்சாம். 1989 நவம்பர்ல எல்லா பீச்சையும் எல்லாருக்கும் திறந்து விடுறதா அறிவிச்சாங்க, அடுத்த வருஷம் சட்டமும் ரத்தாச்சு. திறந்ததும் மாமா ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கிட்டு போயிருக்காரு. விரிக்க ஒண்ணும் இல்ல, இவங்க ஃபேக்டரில கொடுத்த மிச்சத் துணியை ஒட்டுப் போட்ட போர்வைதான், அதுல உக்காந்து யாராவது வந்து எழுப்புவாங்களோன்னு பயந்துக்கிட்டே கடலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். அந்தப் போர்வை இப்ப எங்கன்னு கேட்டேன், இத்துப் போயிடுச்சும்மா, எத்தனை வருஷம் தாங்கும்னாங்க.

டிசம்பர் 16 லீவுக்கு முதல் நாள் ராத்திரி முடிச்சோம். பழைய ஸ்கூல் பேக்ல இருந்து வெட்டுன பெல்ட்டை பிளாஸ்டிக் பக்கிளோட பாக்கெட் ஓரத்துல வச்சு, எதிர்ப் பக்கத்துல இருந்து சுருட்டிக் கட்டுனா தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிடலாம். மறுநாள் அதே சவுத் பீச். மத்தியானம் காத்து ஆரம்பிச்சுச்சு, பக்கத்துல ரெண்டு குடை பறந்துச்சு, எங்க விரிப்பு ஓரம் லேசா படபடத்ததோட சரி. பொண்ணு நாலஞ்சு தடவை ஈரக் காலோட பாக்கெட் மேலயே ஓடிவந்து விழுந்தா, செருப்புப் பாக்கெட் பூரா மண்ணு. ஒரு குறை கண்டுபிடிச்சேன், மேல் மூடி 8 செ.மீ. வச்சது பத்தல, 12 இருந்திருக்கணும், பாட்டில் வச்சா மூடி எட்டல.

சாயங்காலம் அத்தையும் நானும் எதிர் ஓரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்குனோம். வலை வழியா மண்ணு சர்ருன்னு திரை மாதிரி கொட்டுச்சு, காத்துல சாஞ்சு கொட்டுச்சு, சாவி ரிப்பன்ல ஆடிக்கிட்டே இருந்துச்சு. அத்தை இன்னொரு தடவை தூக்குமான்னாங்க, மண்ணு எதுவும் மிச்சம் இல்ல, இருந்தாலும் தூக்குனோம்.

டர்பன் பக்கத்துல ஃபீனிக்ஸ்ல இருக்குற அவங்க அக்காவுக்கு ஒண்ணு வேணுமாம், அவங்களுக்கு முட்டி வலி, கீழ உக்கார முடியாது, அதனால நாற்காலிக் கைப்பிடியில தொங்குற மாதிரி பாக்கெட்டைத் தனியா கழட்டுற மாதிரி வைக்கலாம்னு அத்தை பேப்பர்ல வரைஞ்சு வச்சிருக்காங்க. துணி நேத்து வாங்கியாச்சு, பாத்டப்ல ஊறுது, இப்பதான் முதல் தண்ணி மாத்திட்டு வந்தேன்.