மிளகு தண்ணீர் குடிக்கிறாள்

2025 யூன் 8, ஞாயிறு

திருகோணமலை வீட்டில் அம்மா இன்று வோக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசற்படி வரை நடந்தார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியபடி, நோர்வேப் பண்ணையில் நாய்கள் இப்போது என்ன செய்யும் என்று கேட்டார். வலியை மறைக்க அவர் கேட்கும் கேள்வி அது. போன கிழமையும் கேட்டார்.

பனி இல்லாத மாதங்களில் சறுக்குவண்டி நாய்கள் ஒன்றும் செய்வதில்லை, செய்ய நாங்கள் விடுவதும் இல்லை என்று சொன்னேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைக் கழிக்க வேண்டும். அதனால் வெப்பம் பத்துப் பதினைந்து பாகையைத் தாண்டிவிட்டால் அவற்றை வாரில் பூட்டி ஓடவிட மாட்டோம். மே முதல் ஓகஸ்ட் வரை அவை குழி பறித்து, அடியிலுள்ள குளிர்ந்த மண்ணில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

அப்படியானால் நீ அங்கே இல்லாததால் ஒருவருக்கும் நட்டமில்லை என்றார் அம்மா. திரும்பிப் போவதற்கான மின்னஞ்சலுக்குத்தான் காத்திருக்கிறேன்.

யூன் 11, புதன்

மின்னஞ்சல் வரவில்லை.

யூன் 15, ஞாயிறு

நட்டமில்லை என்ற சொல் ஒரு கிழமையாக என்னை விட்டுப் போகவில்லை. மார்ச் மாதத்தில் நோர்வேயின் வடக்கிலுள்ள அல்டா நகரின் தெருவில் பதினான்கு நாய்கள் ஒன்றாகக் குரைத்துக்கொண்டு புறப்படுவதைப் படம் பிடிக்க உலகமே வருகிறது. 1981 முதல் நடக்கும் அந்தச் சறுக்குவண்டிப் போட்டியின் நீண்ட பாதை ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். ஆனால் அந்தப் பதினான்கு நாய்களை யார் எப்போது உருவாக்கினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அவை யூன் மாதத்தில்தான் உருவாகின்றன என்று நான் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்நேரம் நான் அங்கே இருந்திருந்தால் உள்மயிர் வாரிக்கொண்டிருப்பேன். கோடை வந்ததும் அடியிலுள்ள மென்மயிர் கற்றை கற்றையாகக் கழன்று பண்ணை முழுவதும் இலவம் பஞ்சு வெடித்தது போலப் பறக்கும். மாலையில் பாதக் காலுறைகளைப் பிரிப்போம். ஒரு நாய்க்கு நான்கு என்றால் பதினான்கு நாய்களுக்கு ஒரு தடவைக்கு ஐம்பத்தாறு. வழி நெடுக மாற்றிக்கொண்டே போவதால் ஒரு போட்டி முடிந்தபின் பல நூறு காலுறைகள் ஈரமும் மண்ணுமாகச் சாக்குகளில் கிடக்கும். கழுவி, உலர்த்தி, கிழிந்ததை எறிந்து, தைக்கக்கூடியதைத் தைத்து வைக்க வேண்டும்.

இந்த வேலைகளைப் பண்ணைக்காரப் பெரியவரும் நானும் மட்டும் செய்வதென்றால் பண்ணை என்றோ மூடப்பட்டிருக்கும். மீன் ஆலையில் வேலை செய்யும் எங்கள் மூதூர் மாமா, 1980களில் அல்டா இருக்கும் பின்மார்க் மாவட்டத்துக்கு மீன் வெட்டப் போன தமிழர்களில் ஒருவர். கொட் மீன் தலைகளையும் முள்ளுகளையும் பெட்டிகளில் அடுக்கி உறைய வைத்து, வெள்ளி பின்னேரங்களில் கொண்டுவந்து இறக்குவார். காசு வாங்க மாட்டார். பதிலுக்கு அவர் வீட்டுக் கூரையின் பனியை நாங்கள் வாரித் தள்ளுவோம், பேரப்பிள்ளைகளைச் சறுக்குவண்டியில் ஏற்றுவோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிழட்டு நாய்களை நடத்திக்கொண்டு போவார். துருவ மான் மேய்க்கும் சாமி என்ற வடபுலப் பழங்குடிக் குடும்பமொன்று, மந்தை எங்கள் பக்கம் நகரும் முன்னர் தொலைபேசியில் சொல்லிவிடும். அன்றைக்கு ஒரு நாயையும் அவிழ்க்க மாட்டோம். இந்தச் சொல் ஒருமுறை தவறினால் பத்து வருட உறவு போய்விடும். இவற்றை எழுதிவைத்த ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் தேநீர் குடித்துக் கதைத்துத்தான் புதுப்பிக்கிறோம்.

இந்தக் கோடையில் என் பங்குத் தேநீரை யார் குடிக்கிறார்கள்?

யூன் 24, செவ்வாய்

நேற்று நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்குக் கைபேசி அடித்தது. அங்கே இரவு பத்து. மூன்றரை மணி நேர வித்தியாசத்தைப் பெரியவர் இத்தனை வருடமாகியும் மனத்தில் ஏற்றவில்லை. கடற்கரையில் நடுக்கோடை நெருப்பு மூட்டியிருந்தார்கள். மே நடுப்பகுதியிலிருந்து மறையாத சூரியனுக்குக் கீழே எரிகிற நெருப்பு பார்ப்பதற்குச் சற்று வெட்கப்படுவது போல இருக்கும், ஆனாலும் மூட்டுவார்கள். மாமாவின் மனைவி வடை சுட்டுக்கொண்டு போயிருக்கிறார். பெரியவர் கைபேசியைப் பண்ணைப் பக்கம் திருப்பிப் பிடித்தார். சாப்பாடு முடிந்த நாய்கள், முதலில் ஒன்று, பிறகு ஐந்தாறு, பிறகு எல்லாமாக ஊளையிட்டன. நடுவில் முன்னணி நாய் மிளகின் குரல் தனியாகக் கேட்டது. முடிக்கும்போது அவள் ஒரு சுரம் கீழே இறங்குவாள்.

எங்கள் ஒழுங்கை நாய் மணி எழுந்து வந்து சன்னலுக்குக் கீழே நின்று உறுமியது. அம்மா விழித்துக்கொண்டு, நள்ளிரவில் ஊளை கேட்பது வீட்டுக்கு ஆகாது என்றார்.

யூலை 2, புதன்

கச்சான் காற்று. வெயிலைக் காட்டிலும் இந்தக் காற்றுத்தான் மனிதரை வாட்டுகிறது. மருந்து வாங்கப் போகையில் பிரெட்ரிக் கோட்டை வாசலில் புள்ளி மான்கள் மதில் நிழலில் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. 2018 கோடையில் பின்மார்க்கில் துருவ மான்கள் வெயிலுக்கு வீதிச் சுரங்கங்களுக்குள் ஒதுங்கி நின்றதும், வாகனம் ஓட்டுகிறவர்களை எச்சரித்ததும் நினைவுக்கு வந்தன.

இங்கே இது சீசன். நிலாவெளியில் அறை கிடைப்பதில்லை. உப்புவெளியிலிருந்து விடியுமுன்னரே திமிங்கிலம் காட்டும் படகுகள் புறப்படுகின்றன. ஓட்டோக்காரர்களுக்கு நம்மவர் முகம் தெரிவதில்லை. நவம்பரில் வாடை வந்து மழை இறங்கியபின் எல்லாரும் திண்ணையில் அமர்ந்து வலை பொத்துவார்கள், அப்போதுதான் ஒழுங்கையில் யாருக்கு யார் என்ன முறை என்பதே விளங்கும். நானோ அந்த மாதங்களில் அங்கே பயிற்சி ஓட்டத்தில் இருப்பேன். அங்கே திண்ணைக் காலம் வந்ததும் இங்கே சீசனுக்கு நடுவில் வந்து நிற்கிறேன். இரண்டு ஊரிலும் ஓய்வு காலத்தைத் தவறவிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மின்னஞ்சல் வரவில்லை.

யூலை 13, ஞாயிறு

அங்கேயும் வெயில். வடதுருவ வட்டத்துக்குள்ளேயே முப்பது பாகை என்கிறார்கள். வெறும் நீரை நாய்கள் போதுமான அளவு குடிக்காது என்பதால் மீன் அவித்த நீரைக் கலந்து நாளுக்கு நான்கு முறை ஊற்றுகிறார்களாம். ஆசிரியை தன் தோட்டத்து நீர்க்குழாயை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். மிளகு மட்டும் கொடுத்ததையெல்லாம் குடித்துவிட்டு, மற்ற நாய்களின் கிண்ணத்தையும் காலி செய்கிறாள் என்று பெரியவர் பெருமையாகச் சொன்னார்.

யூலை 15, செவ்வாய்

தூக்கம் இல்லை.

மிளகுக்கு ஒன்பது வயது. 2016 கோடையில் பிறந்த ஐந்து குட்டிகளுக்குப் பெயர் வைக்கும் உரிமையைப் பெரியவர் எனக்குக் கொடுத்தார். மிளகு, சீரகம், ஏலம், கறுவா, கராம்பு என்று அம்மாவின் சரக்குப் பெட்டியைத் திறந்துவிட்டேன். வீட்டில் அம்மா 'அது' என்கிறார், நான் 'அவள்' என்கிறேன், இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஏழு பனிக்காலம் முன்னணியில் ஓடியவள். புயலில் பாதை மறைந்துபோன ஒரு இரவில் நான் இடது என்று கட்டளையிட, அவள் அசையாமல் நின்று, திரும்பி என்னைப் பார்த்து, பிறகு வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் போனதுதான் வழி.

இன்று காணொளியில் பார்த்தேன். கிண்ணம் காலி. பக்கத்தில் மீன் தலை தொடப்படாமல் கிடக்கிறது. வெயில்தான் என்கிறார் பெரியவர். வெயிலில் எல்லா நாய்களுக்கும் பசி குறையும், எல்லா நாய்களும் தண்ணீர் குடிக்கும். அது சரி. ஆனால் அவள் பருவத்துக்கு வந்தது மே கடைசியில் என்று அவரே போன மாதம் சொன்னார். கருத்தடை செய்யாத வயதான பெண் நாய், பருவம் முடிந்து சில கிழமைகளில் சாப்பாட்டை விட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தால் அதற்கு இன்னொரு பொருள் உண்டு. கருப்பையில் சீழ் கட்டும். கருப்பையின் வாய் மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. வேறொரு கோடையில் வேறொரு நாயை, வெயில்தான் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து சொல்லித்தான் இழந்தோம். அவரிடம் அந்த நாயின் பெயரைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

மிருக வைத்தியரிடம் போக இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். பெரியவருக்கு இரவில் கண் தெரியாது, ஆனால் இப்போது அங்கே இரவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

யூலை 16, புதன்

ஆசிரியைதான் ஓட்டிப் போயிருக்கிறார். மாமா வேலையிலிருந்து பாதியில் வந்து, பின்னிருக்கையில் மிளகின் தலையை மடியில் வைத்து, ஈரத் துணியால் பாதங்களைத் துடைத்தபடி போயிருக்கிறார். மடி முழுக்க அப்போதும் மீன் வாடை அடித்திருக்கும். அவளுக்கு அது பிடிக்கும். நான் சொன்னதுதான் நோய். உடனே வெட்டினார்கள்.

யூலை 17, வியாழன்

கண் விழித்தாள்.

யூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்காகக் கடலில் மூழ்கி எழுந்தேன். அம்மாவால் வர முடியவில்லை. வாசலில் கதிரையைப் போட்டு அமர்ந்து, கோணேசர் மலையிருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். விரதச் சமையலைப் பக்கத்து வீட்டு அக்கா காலையிலேயே செய்து வைத்திருந்தார். அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டரைப் போன கிழமை நான் கழற்றிப் பூட்டியதற்கு இது பதில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கரைவலைக்காரத் தம்பி ஒருவன் நாளைக்கு மணிக்கு மீன் தலை கொண்டுவருவதாகச் சொல்லிப் போனான். இன்றைக்குக் கொடுக்கக் கூடாதாம், நாய்க்கும் விரதமாம்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மிளகை ஆசிரியை தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். தையல் பிரித்தாயிற்று, இனி அவள் ஓடப் போவதில்லை, வீட்டுக்குள் விரிப்பில் படுத்துப் பழகட்டும் என்று முடிவு செய்தார்களாம். ஓட்டத்தை விட்ட நாய்களை ஊராருக்குக் கொடுப்பது புதிதல்ல. அப்படித்தான் பண்ணையின் பாதிக் கிழடுகள் அயலில் ஆளுக்கொரு அடுப்படியில் கிடக்கின்றன. நானே எத்தனையோ நாய்களைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நோயைக் கண்டுபிடிக்க மட்டும் நான் வேண்டும், அவளை எங்கே விடுவது என்பதற்கு வேண்டாமா? பெரியவரிடம் இதைச் சொல்லியும் விட்டேன், நான் பாவித்த சொற்கள் இதைவிடக் கூர்மையானவை.

ஓகஸ்ட் 6, புதன்

அவளை வைத்தியரிடம் கொண்டு போனவர் ஆசிரியை, நானல்ல.

ஓகஸ்ட் 14, வியாழன்

அம்மா வோக்கர் இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு படலை வரை போனார். படலையருகே மணி பறித்த குழியைப் பார்த்து, இதுவும் உன் பனிநாட்டுப் பழக்கமா என்று கேட்டார். மணியின் வயிறு ஒட்டியிருந்த இடத்தில் மண் ஈரமாக இருந்தது. மிதிபட்டுத் தடுக்குமே என்று குழியை மூடப் போனேன். விடு, வெயில் தணியட்டும் என்றார்.

மின்னஞ்சல் வந்தது. இன்னும் ஒரு ஆவணம் வேண்டுமாம்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

அங்கே காலை ஏழு பாகை. நாற்சக்கர மோட்டார் வண்டியில் நாய்களைப் பூட்டி முதலாவது ஓட்டம் போனார்கள், நான்கு கிலோமீற்றர்தான். சண்டைக்குப் பிறகு பெரியவர் எடுத்த முதலாவது அழைப்பு இது. ஒன்றும் நடக்காதது போலக் கதைத்தார். முன்னணியில் சீரகமும், போன வருடத்துக் குட்டியொன்றும். குட்டி முதல் வளைவில் வாரைக் கடித்ததாம். பின்னால் இருந்து பூட்டிவிட்டவர் மாமா. நான் நிற்கும் இடம் அது. ஆசிரியை மிளகைக் கயிற்றில் பிடித்தபடி வேலிக்கு வெளியே நின்றிருக்கிறார். வண்டி புறப்பட்டதும் மிளகு கயிற்றை இழுத்தாளா என்று கேட்டேன். பெரியவர் கவனிக்கவில்லையாம். ஆசிரியையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.