கியோஸ் நாட்குறிப்பு: மஸ்தகித் தோப்பும் அனாவாடோஸ் பாறையும்

செப்டம்பர் 10, 2024, செவ்வாய்

கிரேக்கத் தீவான கியோஸுக்கு வந்திருக்கிறேன். மஸ்தகி என்னும் மரப் பிசினுக்கென்றே இங்கே இருக்கும் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்தான் வார விடுமுறை. சரி, கோட்டையிலிருந்து ஆரம்பிப்போம் என்று கிளம்பினேன். கியோஸ் நகரத் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது கோட்டை. உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சந்துகளில் துணி காய்கிறது, ஸ்கூட்டர்கள் நிற்கின்றன, ஜன்னல் வழியே வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறது. மதில் பக்கம் நின்று கிழக்கே பார்த்தால் துருக்கியின் கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. இந்தத் தீவின் கதை முழுக்க அந்தக் குறுகிய கடலைக் கடந்து வந்ததுதான்.

1346-இல் இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள் தீவைப் பிடித்தார்கள். அரசாங்கமாக வரவில்லை, ஒரு வணிகக் கூட்டாக வந்தார்கள். மாவோனா என்று பெயர். அதன் பங்குதாரர்கள் பிற்பாடு ஜுஸ்டினியானி என்ற ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். 1566-இல் ஒட்டோமான் துருக்கியரின் கப்பல் படை வரும்வரை தீவு அவர்கள் கையில்தான் இருந்தது. கோட்டை வாசலில் இருக்கும் அவர்களுடைய மாளிகை இப்போது சின்ன அருங்காட்சியகம். அதன் அருகே, வெளிச்சம் புகாத ஓர் அறை இருக்கிறது. இருட்டுச் சிறை என்றே அதற்குப் பெயர். 1822-இல், கிரேக்கர்கள் ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்திருந்த நேரம், ஒட்டோமான்காரர்கள் தீவின் பெரிய மனிதர்களையும் ஆயர் பிளாட்டோனையும் பிணையாகப் பிடித்து இங்கே அடைத்தார்கள். பிறகு தூக்கிலிட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஒரு சிறிய துருக்கிய இடுகாடு. வெள்ளைப் பளிங்குக் கல்லறைகள், தலைப்பாகை வடிவில் செதுக்கிய கற்கள். அந்த ஆண்டு தீவு மக்களின் படுகொலையை நடத்திய ஒட்டோமான் கப்பற்படைத் தளபதி காரா அலியின் கல்லறையும் அங்கேதான். சிறையிலிருந்து கல்லறைக்கு நடந்தே போய்விடலாம். இரண்டையும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

செப்டம்பர் 11, புதன்

தெற்கே போகப் போக நிலம் வறண்டுகொண்டே வருகிறது. மேடு பள்ளமான வெளிர் மண், அதில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும் குடை போன்ற மரங்கள். முறுக்கிக்கொண்ட தண்டு. இதுதான் மஸ்தகி மரம். பிஸ்தாவின் உறவுக்கார மரம். மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பல இடங்களில் இதே இனம் புதராக வளர்கிறது. ஆனால் பிசினுக்கென்று பெயர் பெற்ற மரம் கியோஸின் தென்பகுதியில்தான். நம் ஊர் யுனானி மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்று சின்னப் பொட்டலத்தில் விற்கிறார்களே, அதன் தாய்வீடு இதுதான்.

பீர்கி ஊருக்கு அருகே, குன்றுச் சரிவில் கண்ணாடியும் மரமுமாக நிற்கிறது மஸ்தகி அருங்காட்சியகம். 2016-இல் திறந்தார்கள். பெரிய கட்டடம் இல்லை, நாலைந்து கூடங்கள்தான். ஆனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதை வேர் முதல் கணக்குப் புத்தகம் வரை சொல்கிறார்கள். பிசின் எடுக்கும் முறைக்கு நான் அதிக நேரம் கொடுத்தேன். கோடையில் மரத்தடியைப் பெருக்கிச் சுத்தம் செய்து, வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணைச் சலித்து வட்டமாகப் பரப்பி மெத்துகிறார்கள். பிறகு கூர்மையான சிறு கருவியால் பட்டையில் ஆங்காங்கே சின்னச் சின்னக் கீறல்கள். ஆழமாகக் கீறினால் மரம் கெட்டுவிடும். பால் கசிந்து சொட்டி, அந்த வெள்ளை மண் மேல் விழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் இறுகுகிறது. அப்புறம் பொறுக்குவது. ஒரு மரம் ஆண்டுக்கு 150 முதல் 180 கிராம்தான் தரும். ஒரு கிலோவுக்கு எத்தனை மரத்தடியில் குனிய வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன்.

மஸ்தகி விவசாயிகளின் சங்கம் 1938-இல் தொடங்கியது. அதுவரை விலையை வியாபாரிகள் வைத்தார்கள், சங்கம் வந்த பிறகு விளைவித்தவர்கள் சேர்ந்து விற்றார்கள். சூயிங்கம் செய்யும் பழைய இயந்திரங்களை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது. ராஜாக்களையும் படையெடுப்பையும் சொல்லும் இடங்கள் உலகம் முழுக்க உண்டு. கூலிக்காரரும் குடும்பப் பெண்களும் எப்படிக் கணக்கு வைத்தார்கள் என்று சொல்லும் இடம் குறைவு.

பின்பக்கம் கதவைத் திறந்தால் நிஜத் தோப்பு. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். கீறலின் உதட்டில் ஒரு துளி தொங்குகிறது. தெளிந்த கண்ணாடி நிறம், உள்ளே ஒரு குமிழி. கீழே மண்ணில் விழுந்த துளிகள் ஒரு பக்கம் தட்டையாக, சுண்ணாம்புத் தூள் ஒட்டி மங்கலாகக் கிடக்கின்றன. வாயில் போட்டால் முதலில் உடைந்து பொடியாகி லேசாகக் கசக்கும். மெல்ல மெல்லத் திரண்டு மெல்லும் பதத்துக்கு வரும், அப்போது பைன் மர வாசனை மூக்கில் ஏறும். 2012 ஆகஸ்டில் பரவிய காட்டுத்தீயில் இந்தப் பக்கத்துத் தோப்புகள் நிறைய எரிந்தன. புதிதாக நட்ட மரம் பிசின் தரவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அப்படியும் திரும்ப நட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

பீர்கி. இங்கே தனியாக அருங்காட்சியகம் தேவையில்லை, வீட்டுச் சுவர்களே போதும். கறுத்த மணல் கலந்த சாந்தைப் பூசி, அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் முள்கரண்டி மாதிரியான கருவியால் வெள்ளையைச் சுரண்டி எடுக்கிறார்கள். அடியிலிருக்கும் கறுப்பு கோலமாகத் தெரிகிறது. முக்கோணம், வட்டம், சாய்சதுரம் என்று பட்டை பட்டையாக, வாசல் முதல் பால்கனியின் அடிப்பாகம் வரை. க்ஸிஸ்தா என்கிறார்கள். பால்கனிகளில் குளிர்காலத்துக்கென்று தக்காளிச் சரங்கள் சிவக்கச் சிவக்கத் தொங்குகின்றன.

சந்தையடித் திடலை ஒட்டி, ஒரு வளைவுக்குள் நுழைந்தால் பன்னிரு அப்போஸ்தலர் தேவாலயம். நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவு. சுவரோவியங்கள் 1665-ஐச் சேர்ந்தவை. வெளிச்சுவரில் செங்கல்லை அடுக்கியிருக்கும் நேர்த்திக்காகவே அங்கே வெகுநேரம் நின்றேன்.

ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு மஸ்தகி சுத்தம் செய்துகொண்டிருந்தார். சிறு கத்தியின் நுனியால் ஒவ்வொரு துளியிலிருந்தும் மண்ணைச் சுரண்டுகிறார். பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒரு துளியை என் உள்ளங்கையில் வைத்தார். நேற்று கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த அதே மாதிரிக் கத்தி.

மாலையில் மெஸ்தா. கோட்டைக்குள் ஊர் இல்லை, ஊரே கோட்டை. ஓரத்து வீடுகளின் பின்சுவர்கள்தான் மதில், வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது. மொட்டை மாடிகள் ஒன்றோடொன்று சேர்ந்தே இருப்பதால் மாடி வழியாகவே ஓடித் தப்பலாம். கடற்கொள்ளையரிடமிருந்து காப்பாற்றத்தான் இப்படி. காப்பாற்ற நினைத்தது மனிதரை மட்டுமல்ல, பிசினையும். ஜெனோவாக்காரர்களுக்கு விளைச்சல் பத்திரமாக இருக்க வேண்டும். திருடினால் கடும் தண்டனை.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று எழுதுவது சிரமம்.

காலையிலேயே நேயா மொனிக்குப் போனேன். தீவின் நடுவே, மலைக்குள் ஒளிந்திருக்கும் மடாலயம். பைசாந்தியப் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் 11-ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தது. 1990 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. நாலு சுவருக்கு மேல் எட்டு மூலையாக மாறி, அதன் மேல் குவிமாடம் ஏறும் அமைப்பு. 1881 நிலநடுக்கத்தில் குவிமாடம் விழுந்தது, அதிலிருந்த மொசைக்கும் போயிற்று. திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே எஞ்சியவையே போதும். கிறிஸ்து ஆதாமின் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுக்கும் காட்சியின் எதிரே நின்றேன். தங்கச் சில்லுகளை மட்டமாகப் பதிக்கவில்லை, ஒவ்வொன்றும் கொஞ்சம் வெவ்வேறு சாய்வில் இருக்கிறது. ஓர் அடி நகர்ந்தால் சுவரின் வேறொரு பகுதி எரிகிறது. முகங்களில் கண்ணைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு. அழகுக்கென்று வரைந்த முகங்கள் இல்லை.

வாசல் பக்கத்துச் சிற்றாலயத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் மண்டையோடுகளும் எலும்புகளும் அடுக்கியிருக்கிறார்கள். 1822 ஏப்ரலில் இங்கே அடைக்கலம் தேடி வந்தவர்களும் துறவிகளும். சிலவற்றில் வெட்டுக் காயம் தெளிவாகத் தெரிகிறது. ஒன்று சிறியது, குழந்தையுடையதாக இருக்கலாம். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அங்கிருந்து அனாவாடோஸ். பாறையின் விளிம்பில், பாறையின் நிறத்திலேயே கட்டிய ஊர். கூரை போன வீடுகள், வாசற்படிகள் மட்டும் நிற்கின்றன. 1822-இல் ஒட்டோமான் படை ஏறி வந்தபோது பிடிபடுவதைவிட மேலென்று மக்கள் செங்குத்துப் பக்கம் குதித்தார்கள் என்று ஊர்க்கதை சொல்கிறது. ஏறிப் போய் அந்த விளிம்பைப் பார்த்தேன். ஒரு தடுப்பும் இல்லை.

மஸ்தகி ஊர்களை முதல் அலையில் தொடவில்லை. சுல்தானின் அரண்மனைக்குப் போகும் பிசின் கெட்டுவிடக் கூடாது என்பதால். அந்த ஜூனில் ப்சாரா தீவுக்காரரான கனாரிஸ் நெருப்புப் படகை விட்டுக் காரா அலியின் கப்பலைக் கொளுத்தினார், காரா அலி செத்தார். அந்தக் கோபத்தில் பழி தெற்கு வரை போனது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா வரைந்து பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் தொங்கும் 1824-ஆம் ஆண்டு ஓவியத்தில் இந்தத் தீவைத்தான் ஐரோப்பா பார்த்தது. மெஸ்தாவின் அழகிய சந்துகளோடு கியோஸைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் பயணிகள் நிறையப் பேர். அவர்கள் அரை நாள் ஒதுக்கி இந்த மலைக்கும் வர வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். அந்தச் சந்துகள் இன்னும் நிற்பதற்கும் இந்த வீடுகள் கூரையின்றிக் கிடப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: விலை.

செப்டம்பர் 14, சனி

கம்போஸ் பகுதியில் சுற்றினேன். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்கள், உயரமான மதில்கள், செம்மஞ்சள் நிறக் கல். ஒரு தோட்டத்தில் எலுமிச்சை வகைகளுக்கென்றே சின்ன அருங்காட்சியகம். கிணற்றோரம் மாடு கட்டிச் சுற்றிய நீர்ச் சக்கரத்தைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் மனம் இன்னும் நேற்றிலேயே இருக்கிறது.

மாலையில் வ்ரொண்டாடோஸ் கடற்கரையில் ஹோமரின் கல். பழங்கிரேக்கக் கவிஞரான அவர் உட்கார்ந்து பாடம் சொன்ன பாறை என்கிறது ஊர். தொல்லியலாளர்களோ அது சிபெலி என்ற தாய்த் தெய்வத்தின் பழைய வழிபாட்டு இடம் என்கிறார்கள். எனக்கு இரண்டாவது பதிலே அதிகம் பிடித்தது. பாறையை ஆசனமாகச் செதுக்கி, சுற்றிலும் மட்டமாக்கிய வேலைப்பாட்டைப் பார்த்தால் அது சரியென்று படுகிறது.

நாளைக்கு ப்சாரா படகுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். கனாரிஸின் ஊர். 1824-இல் அதையும் அழித்தார்கள். அங்கே பெரிய அருங்காட்சியகம் எதுவும் இல்லை என்று படகுக் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். போகத்தான் போகிறேன்.